கையெழுத்து க்ளாஸ் ஓகே, அந்த பர்சனாலிட்டி ரிப்போர்ட் மட்டும் வாங்காதீங்க

தண்டையார்பேட்டைல ஒரு மாடில நடக்குற ஹேண்ட்ரைட்டிங் சென்டர், பேரு போடல, ஏன்னா இதே பேக்கேஜ வேற எடத்துலயும் விக்கிறாங்க. பையன் டென்த், தமிழ் மீடியம், கிறுக்கி எழுதுறான்னு ஸ்கூல்ல சொன்னதால சேத்தோம்.

க்ளாஸ் நல்லா இருக்கு. மிஸ் பொறுமையா சொல்லி தர்றாங்க, பேனாவ இறுக்கி பிடிக்கிற பழக்கத்த விட வெச்சாங்க, வார்த்தைக்கு நடுவுல எடம் விட்டு எழுதுறான் இப்போ. ஒரே பதிலா இருந்தாலும் படிக்க கஷ்டமான பேப்பருக்கு மார்க் கொறயுதுன்னு ஆராய்ச்சிலயே வந்திருக்கு, அதனால இந்த ஃபீஸ் தகும்.

ஆனா தனியா 1,500 ரூபா வாங்கிட்டு ஒரு அனாலிசிஸ் ரிப்போர்ட் குடுத்தாங்க பாருங்க, அதான் பிரச்சன. கோடு போடாத பேப்பர்ல இங்கிலீஷ்ல உன்ன பத்தி எழுதுன்னு சொல்லி எழுத வெச்சு, டி-ல போடுற குறுக்கு கோடு கீழ இருக்கு அதனால தன்னம்பிக்கை கம்மி, எழுத்து இடது பக்கம் சாயுது அதனால மனசு விட்டு பேச மாட்டான், ப்ளஸ் ஒன்ல மேத்ஸ் குரூப் செட் ஆகாதுன்னு அடிச்சு குடுத்துட்டாங்க. இவன் தினமும் எழுதுறது தமிழ்ல, அதுல அந்த குறுக்கு கோடே கெடயாது. ரிப்போர்ட்ட படிச்சதுலேந்து கணக்கு நோட்ட எடுக்கவே தயங்குறான், எனக்கு அதான் தாங்கல.

கணக்குன்னா பயம்னு அவனே அந்த பேப்பர்ல எழுதியிருக்கான், அதத்தான் திருப்பி சொல்லியிருக்காங்க. 1989லயே நெட்டர், பென்-ஷகார்னு ரெண்டு பேர் 17 ஆய்வுகள சேத்து பாத்தாங்க, கிராஃபாலஜி, அதாவது கையெழுத்த வெச்சு குணம் சொல்றது, அத படிச்சவங்க கணிப்பு படிக்காதவங்க கணிப்ப விட ஒண்ணும் ஒசத்தி இல்ல, எழுதுறவர பத்தி எந்த விஷயமும் இல்லாத பேப்பர குடுத்தா கணிப்பு சரியா வர்றது கிட்டத்தட்ட பூஜ்யம். கோர்ட்ல ரெண்டு கையெழுத்தும் ஒரே ஆளோடதான்னு பாக்குறாங்களே அது வேற வேல, குணத்த சொல்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

பக்கத்து வீட்டு பொண்ணோட ரிப்போர்ட்டயும் வாங்கி பாத்தேன், 'வெளிய தைரியமா தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள கவலைப்படுவார்', ரெண்டுலயும் அதே வரி! இது யாருக்கு சொன்னாலும் பொருந்தும். 1948ல ஃபோரர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 39 மாணவங்களுக்கு குணத்த சொல்ற ஒரே பாராவ, இது உனக்குன்னே எழுதினதுன்னு குடுத்தாரு, எவ்ளோ பொருந்துதுன்னு கேட்டதுக்கு சராசரியா 5க்கு 4.26 போட்டாங்களாம்.

கை வலிக்குது, ரொம்ப மெதுவா எழுதுது, எழுத்து விட்டுப்போவுதுன்னா அது டிஸ்கிராஃபியாவா, அதாவது எழுதுறதுலயே வர்ற கற்றல் குறைபாடா கூட இருக்கலாம், ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரில குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. குரூப் எடுக்குறதுக்கு புள்ளைக்கு எதுல ஆசை, காலாண்டு அரையாண்டுல எங்க தடுமாறுறான், கணக்கு சார் என்ன சொல்றாரு, இத பாருங்க.

க்ளாஸ் மட்டும் போதும் ரிப்போர்ட் வேணாம்னு மொதல்லயே சொல்லிடுங்க, கேட்டுட்டேன், சேத்துக்குறாங்க. சாயங்கால பேட்ச்ல கூட்டம் கம்மி.