வீட்டு ரவுட்டரில் ஃபில்டர் விதிகள்: கனநாள் பாவித்ததில் தெரிந்தவை

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டில் இருப்பது இணைப்போடு சேர்த்துத் தந்த சாதாரண ரவுட்டர்தான். அதிலேயே எதை விடுவது, எதை மறிப்பது என்று சொல்லும் ஃபில்டர் விதிகள் போட்டு வைத்துச் சில வருடங்களாக ஓடுகிறது. மாதம் முடிய முன்னமே டேட்டா முடிந்துவிடுகிறது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகன் இரவு கனநேரம் போனோடு இருக்கிறான், இந்த இரண்டுக்காகத்தான் போட்டேன்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனதும் எல்லாரும் முதலில் தேடுவது 'யூஆர்எல் ஃபில்டர்'. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இப்போது தளங்கள் அநேகமாக எல்லாமே எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது இடையில் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பில் ஓடுகின்றன, அதனால் எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம் என்பது ரவுட்டருக்குத் தெரியாது. 'யூடியூப்' என்று எழுதிச் சேமித்தாலும் பல ரவுட்டர்களில் அது பாட்டுக்குத் திறக்கும்.

உருப்படியாக வேலை செய்வது டிஎன்எஸ், தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்கென்று விட்ட 1.1.1.3, 1.0.0.3 என்ற டிஎன்எஸ் முகவரிகள் இரண்டையும் ரவுட்டரின் இணைய இணைப்புப் பகுதியில் கொடுத்தால் ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்புகிற தளங்களும் வீடு முழுக்கத் திறக்காது. ஆனால் யாராவது போனில் வேறு டிஎன்எஸ் போட்டால் இது பிசகிவிடும். அதற்கு வீட்டுக்குள்ளிருந்து டிஎன்எஸ் கேள்விகள் வெளியே போகும் வாசல்களான 53, 853 ஆகிய போர்ட்டுகளை ஐபி ஃபில்டரில் மறித்துவிடுங்கள். ரவுட்டர் தானாகக் கேட்கும் டிஎன்எஸ்ஸை இது தொடாது, சாதனங்கள் ரவுட்டரையே கேட்க வேண்டிவரும். பிரவுசருக்குள் ஒளிந்து, எச்டிடிபிஎஸ் தளங்கள் பாவிக்கும் அதே 443 போர்ட் வழியாகப் போகும் டிஎன்எஸ்ஸை மட்டும் இப்படி மறிக்க முடியாது, 443ஐ மூடினால் இன்டர்நெட்டே இல்லை. புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6உம் இருக்கிற இணைப்பென்றால் அதற்கும் தனியாக விதி போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய வகையான ஐபிவி4இல் மறித்ததெல்லாம் அந்த வழியால் வெளியே போய்விடும்.

அடுத்தது மாக் முகவரியை, அதாவது வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்ணை, வைத்துப் போடும் நேரக் கட்டுப்பாடு. மகனின் போனுக்கு இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை இன்டர்நெட் இல்லை. இதில் இப்போதைய போன்கள் ஒரு சிக்கல் தருகின்றன: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் வைஃபைக்குத் தங்கள் உண்மையான மாக்கைக் காட்டாமல் பொய் முகவரி ஒன்றைக் காட்டுகின்றன, வைஃபையை மறக்கச் சொல்லித் திரும்ப இணைத்தால் சில போன்களில் அதுவும் மாறிவிடும், விதி பழைய முகவரியோடு தனியே நிற்கும். கண்டுபிடிப்பது சுலபம். முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள், அது 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அநேகமாகப் பொய் முகவரிதான். போனின் வைஃபை அமைப்பில் அந்த ரவுட்டருக்கு மட்டும் உண்மையான மாக்கைப் பாவிக்கச் சொன்னபிறகு விதி எழுதுங்கள்.

நேர விதி போடுகிறவர்கள் ரவுட்டரின் மணிக்கூட்டையும் வடிவாகப் பார்க்க வேணும். இலங்கை 1996இல் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, 2006இல்தான் திரும்ப கிரீன்விச் நேரத்துக்கு 5:30 முன்னுக்கு என்ற பழைய நேரத்துக்கு வந்தது. பழைய ரவுட்டர்களின் பட்டியலில் நம்முடைய இடம் 6:00 என்றே கிடக்கும், அதைத் தெரிவு செய்தால் எல்லா விதியும் அரை மணித்தியாலம் முந்தி விழும். சென்னை, புதுடில்லி என்றிருப்பதை எடுங்கள், அதுவும் 5:30தான். கரண்ட் போய் வந்தால் அநேக ரவுட்டர்கள் நேரத்தை மறந்து 1970இல் நிற்கும், இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் வரைக்கும் விதிகளை நம்ப முடியாது. 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் இல்லாத காலத்தில் இது பெரிய தலையிடி, ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்தபிறகுதான் சரியானது.

டேட்டாவைப் பொறுத்தவரை அதிகம் மிச்சம் பிடித்தது ஸ்மார்ட் டிவிக்குப் போட்ட விதிதான், பகலில் ஒருவரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருந்த வீடியோ நின்றது. போன்களை மறித்ததில் வந்த மிச்சம் அதற்குக் கிட்டவும் வராது.

மகனுக்கு ஒளித்துப் போடவில்லை, அவனை வைத்துக்கொண்டே போட்டேன். "அப்பா, சோதினை நேரம் பதினொன்று வரைக்கும் விடுங்கோவன், சேர் நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்பிலதான் போடுறார்" என்றான், நியாயம்தான், அந்த மாதங்களுக்கு மாற்றிவிட்டேன். பிள்ளைக்குத் தெரியாமல் மறித்தால் அவன் வழி தேடுவான், சிம் டேட்டாவுக்கு இந்த ரவுட்டர் ஒன்றும் செய்யாது என்பது அவனுக்கும் தெரியும்.

எல்லாம் சரியானதும் அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்துக் கணினியில் வையுங்கள். லைன் பார்க்க வருகிறவர்கள் முதலில் அமத்துவது ரீசெட் பொத்தானைத்தான், அதோடு எல்லா விதியும் போய்விடும். கோப்பைத் திரும்ப ஏற்றினாலும், நிர்வாகப் பாஸ்வேர்ட் ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் பழையதுக்கே போய்விட்டதா என்று ஒருக்கால் பார்த்து மாற்றிவிடுங்கள்.