வீட்டுக்கே வரும் தாய்ப்பால் ஆலோசனை, சேலம்

சிசேரியன் ஆனதால் பவுடர் பாலே கொடுத்துவிடலாம் என்று எல்லாரும் சொல்ல, அஸ்தம்பட்டியிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் இந்த அக்காவைக் கூப்பிட்டோம். தலையணையை மடித்து என் முழங்கைக்கு அடியில் கொடுத்து, பாப்பாவின் தாடை மார்பில் நன்றாகப் படும்படி திருப்பிவிட்டார், வலி அப்போதே குறைந்தது. அப்புறம் சொன்ன விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: தாய்ப்பாலில் இருக்கும் சில சர்க்கரைகளைக் குழந்தையால் ஜீரணிக்கவே முடியாது, அவை குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாவுக்கான தீனி, அந்த பாக்டீரியா பெருகினால் நோய்க்கிருமிகளுக்கு இடம் குறையும், எதை எதிர்க்கணும் எதை விடணும் என்று எதிர்ப்பு சக்தி பழகுவதும் இவற்றோடுதான். சிசேரியன் குழந்தைகளுக்கு இந்த நல்ல பாக்டீரியா குறைவாக இருக்கும் என்பதால் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்றார். கட்டணம் கொஞ்சம் அதிகம், ஞாயிறு வரமாட்டார். சரி, பரவாயில்லை, பிரசவம் ஆன முதல் வாரமே கூப்பிடுங்கள்.