திருநாதர் குன்றுக்கு ஒருநாள் வேன் பயணம்: போய் வந்த அனுபவம்

கடலூரிலிருந்து செஞ்சிப் பக்கத்துச் சமணத் தலங்களுக்கு ஒருநாள் வேன் பயணம் நடத்துகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். மதியச் சாப்பாடு சேர்த்து ஒருவருக்கு 950 ரூபாய். ஆறு மணிக்கு என்றார்கள், வேன் வந்தது ஆறே முக்காலுக்கு.

சிங்கவரத்துக்கு அருகில் உள்ள திருநாதர் குன்று ஒன்றுக்கே இந்தப் பணம் தகும். மேலே ஒரே பாறையில் சமணர்கள் வணங்கும் அருளாளர்களான 24 தீர்த்தங்கரர்களும் சிற்பங்களாக, வரிசைக்கு 12 பேராக அமர்ந்திருக்கிறார்கள். அதைப் படமெடுத்ததும் இறங்கத்தான் எங்களுக்குத் தோன்றியது. வழிகாட்டித் தம்பி விடவில்லை. கல்வெட்டு இருக்கும் பாறைக்கு அழைத்துப் போய் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் அது. அந்த நினைவிடத்துக்கு நிசீதிகை என்று பெயர். தமிழில் ‘ஐ’ எழுத்து வரும் மிகப் பழைய கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. சில நூற்றாண்டுகள் கழித்து இளைய பட்டாரர் என்பவரும் இதே குன்றில் 30 நாள் நோன்பிருந்து உயிர் துறந்திருக்கிறார். அத்தனை காலமும் துறவிகள் இந்தக் குன்றைத் தேடி வந்திருக்கிறார்கள்!

ஏகாதசிக்கு ஒருநாள் பட்டினி கிடப்பவர் என் மாமியார். “ஐம்பத்தேழு நாளாம்மா?” என்று என்னிடம் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அதற்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குறை மதியத்துக்கு அப்புறம்தான். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போனதால் மேல்சித்தாமூரில் இருபதே நிமிடம் கிடைத்தது. தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்கும் ஊர் அது. குன்றில் கல்லாகப் பார்த்த மரபை அங்கே உயிரோடு பார்க்கலாம். பார்சுவநாதர் கோயிலைக் கூட ஓட்டமாகத்தான் சுற்றினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் வேன் ஏறிய திருப்பாதிரிப்புலியூரிலேயே பெரிய சமணப் பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் மடம், இருந்தது. அப்பர் தருமசேனர் என்ற பெயரில் அங்கே இருந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. பயணத்தை அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாமே! வேனில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசாததால் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு நானே சொன்னேன்.

போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பாறையில் நிழல் கிடையாது. மேல்சித்தாமூருக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று பணம் கட்டும்போதே கேட்டு வாங்குங்கள்.