காணி உறுதியை வெளியே எடுக்க முன்: வணிகப் பகுப்பாய்வு முதுமாணிக்கு அமெரிக்காவா, சென்னையா, கொழும்பா?

தங்கச்சி பம்பைமடுவில் படித்தவள். அவள் சேர்ந்தபோது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஆகஸ்ட் முதலாம் திகதியில் இருந்து வவுனியாப் பல்கலைக்கழகம். பட்டம் முடித்துவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்குப் பார்க்கிறாள். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரம் சொன்னாள்: “அண்ணா, பிஸ்னஸ் அனலிடிக்ஸ் மாஸ்டர்ஸ் செய்யப் போறன். அமெரிக்காவில கத்தோலிக்க யூனிவர்சிற்றி ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்.” அம்மா ஒன்றும் பேசவில்லை. அலுமாரிப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். காணி உறுதி அதற்குள்தான் கிடக்கிறது.

அடுத்த நாளே ஒரு கொப்பியில் கோடு போட்டு இரண்டு பேரும் எழுதத் தொடங்கினோம். வன்னியில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடக்கும் என்பதால், நாங்கள் கண்டதை இங்கே வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வணிகப் பகுப்பாய்வு என்றால், வியாபாரத்தில் சேரும் தரவுகளை ஆராய்ந்து முடிவெடுக்க உதவும் படிப்பு. அதன் கருவிகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். எஸ்கியூஎல், பைதன், ஆர், பவர் பிஐ, புள்ளிவிபரம், எதிர்வுகூறல். இவற்றை மட்டும் படிக்க விரும்புகிறவர் நாட்டை விட்டுப் போகத் தேவையில்லை. நல்ல இணைய இணைப்பும் ஒரு வருடப் பொறுமையும் போதும். பெரிய காசு கொடுப்பதானால் அதற்கு மேலே என்ன கிடைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றால் எல்லாம் ஒரே அச்சு என்று நினைக்கக் கூடாது. நோத்ர டாம் 1842இல் திருச்சிலுவைச் சபைக் குரு ஒருவர் தொடங்கியது. வில்லனோவாவும் அதே ஆண்டுதான், ஆனால் அகுஸ்தீனார் சபை. இப்போதைய பாப்பரசர் பதினான்காம் லியோ 1977இல் கணிதத்தில் பட்டம் பெற்றது அங்கேதான். நியூயோர்க்கின் ஃபோர்டமும் சிலிக்கன் பள்ளத்தாக்கின் சாந்தா கிளாராவும் இயேசு சபை மரபில் நிற்பவை. “நாங்கள் சைவம், எடுப்பாங்களோ?” என்று அம்மா கேட்டார். எடுப்பார்கள். எந்தச் சமயத்தவரும் சேரலாம். மடு மாதாவிடம் ஆவணித் திருவிழாவுக்குப் போய்வரும் சைவக் குடும்பங்கள் எங்கள் பக்கம் எத்தனை! அம்மாவுக்கு அந்தப் பதில் இலகுவாகவே விளங்கியது.

காசுதான் இலகுவாக விளங்கவில்லை. இந்த முதுமாணிக்குப் பெரும்பாலும் 30 கிரெடிட், அதாவது பாட அலகு, அல்லது அதற்குச் சற்று மேல். ஒரு கிரெடிட் 1,500 டொலர் என்று வைத்தாலே 45,000 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 1 கோடி 35 லட்சம். இது படிப்புக்கு மட்டும்; வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி எல்லாம் வேறு. மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தருவதற்கு முன்பே முதல் வருடச் செலவுக்குக் காசு இருப்பதைக் காட்டியாக வேண்டும். இன்னொன்றும் மறக்க வேண்டாம்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. ரூபாவில் கடன் எடுத்து டொலரில் கட்டணம் கட்டுகிற பிள்ளைக்கு, செமஸ்டர் நடுவில் அப்படி ஒன்று வந்தால் கையில் என்ன மிஞ்சும்?

அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வணிகப் பகுப்பாய்வு ஐ-20இல் 30.7102 என்ற குறியீட்டின் கீழ் இருந்தால் அது ஸ்டெம் பாடம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற வகைக்குள் வருவது. படிப்பு முடிந்ததும் 12 மாத வேலை அனுமதி, அதற்கு மேல் 24 மாத நீடிப்பு, மொத்தம் மூன்று வருடம். பெயரில் ‘அனலிடிக்ஸ்’ இருக்கிறது என்று நம்பிவிடாமல், இந்தக் குறியீடு என்ன என்று சேர்க்கைப் பிரிவிடம் எழுதிக் கேட்க வேண்டும். மூன்று வருடத்துக்குப் பிறகும் அங்கே வேலை செய்ய எச்-1பி எனும் வேலை விசா வேண்டும். அது குலுக்கல். நாட்டுக்கு வெளியே இருந்து புதிதாக எடுக்கப்படுகிறவர்களுக்கு 2025 செப்டம்பரில் 100,000 டொலர் கட்டணமும் கொண்டுவரப்பட்டது. இதில் என் மனதை உறுத்தியது வேறு. கொழும்புத் தூதரக நேர்முகத்தில் ‘படித்துவிட்டுத் திரும்பி வருவேன்’ என்று நம்பவைக்க வேண்டும். காணியை ஈடு வைத்துப் போன பிள்ளையோ, அங்கே நின்று உழைத்தால்தான் அதை மீட்கலாம். தங்கச்சியை அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இணையவழி என்றொரு குறுக்குப் பாதை உண்டு. வில்லனோவா போன்றவை பகுப்பாய்வு முதுமாணியை இணையத்தில் நடத்துகின்றன. அங்கே மாலை 7 மணி வகுப்பு இங்கே விடியப்புறம் 4.30 அல்லது 5.30. அது சமாளிக்கக்கூடியது. ஆனால் மாணவர் விசாவோ வேலை அனுமதியோ இல்லாமல் கட்டணத்தை மட்டும் டொலரில் கட்டுவது எங்களுக்குச் சரிவராது.

சென்னை மனதுக்குக் கிட்ட. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் ஏறினால் கொழும்புக்கு பஸ்ஸில் போய்ச் சேரும் நேரத்துக்கு முன்பே சென்னையில் இறங்கி, விசாரித்து, சாப்பிட்டும் விடலாம். நுங்கம்பாக்கத்தில் லயோலா வளாகத்துக்குள் இயேசு சபையினரின் லிபா என்ற வணிக முகாமைத்துவக் கல்லூரி 1979இல் இருந்து நடக்கிறது. பெங்களூரில் கிறைஸ்ட் பல்கலைக்கழகம், சிஎம்ஐ எனும் கத்தோலிக்கத் துறவற சபையினருடையது. செலவு அமெரிக்காவுக்குக் கிட்டவும் வராது. கடை, சிறுகடன், பயிர் என்று அங்கே எடுத்துப் பேசும் உதாரணங்களும் எங்கள் ஊருக்குப் பொருந்தும். கவனிக்க வேண்டியது, லிபாவில் கிடைப்பது பிஜிடிஎம் எனும் டிப்ளோமா. கிறைஸ்டில் எம்பிஏ பட்டம், அதற்குள் பகுப்பாய்வு ஒரு சிறப்புப் பிரிவு. இங்கே அரச வேலையில் பதவி உயர்வுக்குக் காட்டப் போகிறவர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முதலே கேட்டுவிட வேண்டும். இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு உண்டு. தகுதி உள்ளவர்கள் ஒவ்வொரு வருடமும் அந்த அறிவித்தலைப் பார்க்க வேண்டும். படிப்பு முடிந்தால் திரும்பி வர வேண்டியதுதான். மாணவர் விசாவில் அங்கே வேலை செய்ய முடியாது.

கொழும்புப் பல்கலைக்கழகக் கணனிக் கல்லூரியின் வணிகப் பகுப்பாய்வு முதுமாணி கத்தோலிக்கமும் இல்லை, கவர்ச்சியும் இல்லை. ஆனால் வேலையை விடாமல் படிக்கலாம், கட்டணம் ரூபாவில். வெள்ளி இரவு பஸ், 300 கிலோமீற்றருக்கு மேல், திங்கள் காலை திரும்பவும் ஆலை. களைப்புத்தான்.

இவ்வளவு எழுதியும் தங்கச்சி விடவில்லை. “அப்ப ஏன் அண்ணா எனக்கு உந்த இயேசு சபை யூனிவர்சிற்றிதான் மனசில நிக்குது?” என்றாள். காரணம் அவளுடைய ஆலைக் கொப்பிக்குள் இருந்தது.

நெல் 14 வீத ஈரப்பதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் நிறையில் கழிப்பார்கள். ‘ஈரக்கழிவு’ என்று சிட்டையில் எழுதுவார்கள். காலபோக அறுவடைச் சிட்டைகளை அவள் எக்செலில் ஏற்றி, திகதிப்படி அடுக்கிப் பார்த்தாள். கழிவு கூட விழுந்தவர்கள் மோசமாக விளைவித்தவர்கள் அல்லர். லீசிங் தவணை நாள் நெருங்கியதால், வெட்டிய அன்றே வயலில் இருந்து நேராக உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியவர்கள். இரண்டு நாள் காயவிட முடியாதவர்கள். அதை மேலாளரிடம் காட்டினாள். “நல்லது பிள்ளை. ஆர் ஆருக்கு அவசரம் எண்டு பட்டியல் ஒண்டு எடுத்துத் தாரும். விலை பேசேக்க உதவும்” என்றார். அன்று அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பைதன் இதற்குப் பதில் சொல்லாது. சாந்தா கிளாராவில் பிரயோக அறவியலுக்கென்றே 1986இல் இருந்து மார்க்குலா நிலையம் இயங்குகிறது. 2020 பெப்ரவரியில் செயற்கை நுண்ணறிவின் அறநெறி பற்றி உரோமையில் ஓர் அழைப்பு கையொப்பமானது. வத்திக்கானோடு மைக்ரோசொஃப்டும் ஐபிஎம்மும் ஒப்பமிட்டன. ஒரு வரிசையில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்பதைப் பாடமாகவே எடுத்துப் பேசும் வகுப்பறை அவளுக்கு வேண்டும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தப் பாடத்தை எங்கள் மண்ணிலேயே ஒருவர் நடத்திக் காட்டியிருக்கிறார் என்று அவளுக்குச் சொன்னேன். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரண்டு எண்களை வைத்தார். கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்தின் கணக்கின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு கழித்தல் கணக்கு. இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பவும் இல்லை, அதைச் சின்னதாக்கவும் இல்லை. தரவோடு வேலை செய்கிற ஒருவருக்கு வேண்டிய நேர்மை அதற்குள் முழுதாக இருக்கிறது. அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் வீட்டு ஆட்களும் உண்டு.

என் முடிவைக் கேட்டால்: படிப்புக் கட்டணத்தில் பாதிக்கு மேல் புலமைப்பரிசில் கையில் வந்தால் இயேசு சபைப் பல்கலைக்கழகம். நியூயோர்க் பக்கம் வீட்டோடு வைத்திருக்கக்கூடிய சொந்தம் இருந்தால் ஃபோர்டம், ஏனென்றால் அங்கே வாடகைதான் ஆளை விழுத்தும். வேலை அனுபவம் இல்லாத, முழுநேரம் படிக்கக்கூடிய பிள்ளைக்குச் சென்னை அல்லது பெங்களூர். வேலையில் இருப்பவருக்குக் கொழும்பு. காணியை ஈடு வைத்து எதற்குமே போக வேண்டாம். இதில் நான் ஒரு அங்குலமும் இறங்க மாட்டேன்.

தங்கச்சி கொழும்புக்கு விண்ணப்பிக்கிறாள். சாந்தா கிளாராவுக்கும் புலமைப்பரிசில் கேட்டு எழுதுகிறாள். நேற்று இரவு, ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையின் முதல் வசனத்தில் வந்து நின்றாள்.

“ஈரக்கழிவுக்கு இங்கிலீசில என்ன அண்ணா?”

“ஈரக்கழிவு எண்டே எழுது. அடுத்த வரியில அது ஆருக்கு விழுந்தது எண்டு சொல்லு.”