எட்டுத் தேர்வு, ஏழு சான்றிதழ்: என்பிடெல் பாடங்களில் என் அனுபவம்

டிப்ளமோ முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தயாரிப்புக் கூடத்தின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் நான், என்பிடெல் பாடங்களை யூடியூபில் பார்க்கத் தொடங்கியது 2017-இல். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் அது. பி.இ. படிக்க வாய்க்காதவனுக்கும் ஐஐடி பேராசிரியரின் வகுப்பு காசில்லாமல் கிடைக்கிறதே என்று பூரித்துப்போய் ஆறு பாடங்களைத் தொடங்கினேன்; இரண்டு ஆண்டுகளில் ஒன்றைக்கூட முடிக்கவில்லை.

2019-இல் பொருட்களின் வலிமை குறித்த பன்னிரண்டு வாரப் பாடத்தில் முறையாகச் சேர்ந்து, தேர்வுக்கு 1000 ரூபாய் கட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. சேர்வதற்கும் படிப்பதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக்குக் கட்டினால் போதும். கட்டிய பணமும் வாராவாரம் வரும் அசைன்மென்டின் கெடுவும் சேர்ந்து என்னை உட்கார வைத்தன. இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து, நள்ளிரவுக்குள் விடையைப் பதிவேற்றியாக வேண்டும் என்ற பதற்றத்தில், பாரம் ஒரு உத்திரத்தை எங்கே எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்று காட்டும் பெண்டிங் மொமென்ட் வரைபடத்தை நான்கு முறை அழித்துப் போட்ட இரவில் கற்றதை, ஆறு பாடங்களை வேடிக்கை பார்த்தபோது நான் கற்கவில்லை.

மதிப்பெண் முறையைப் புதிதாகச் சேர்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பன்னிரண்டு அசைன்மென்டுகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, தேர்வு மையத்தில் கணினியில் எழுதும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 75. முதல் முறை எனக்கு 21-உம் 26-உம் வந்தன. கூட்டினால் 47, தேர்ச்சிக்கு 40 போதும்; ஆனால் தேர்வில் மட்டும் தனியாக 30 எடுத்திருக்க வேண்டும் என்ற விதியைக் கவனிக்காமல் தேறிவிட்டதாக வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். அதே பாடம் மறுபடி அறிவிக்கப்பட்டபோது இன்னொரு 1000 ரூபாய் கட்டித் தேறினேன். ஆக, இதுவரை ஏழு சான்றிதழ்களுக்கு 8000 ரூபாய் ஆகியிருக்கிறது.

இது பட்டம் ஆகாது. கல்லூரியில் படிக்கும் மாணவர் தம் கல்லூரியின் ஒப்புதலோடு இதைக் கிரெடிட்டாக, அதாவது தம் பட்டத்துக்குக் கணக்கில் வரும் பாட மதிப்பாக, சேர்த்துக்கொள்ளலாம். என்னைப் போல வேலையில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. பட்டமே வேண்டுமென்றால் சென்னை ஐஐடியின் இணையவழித் தரவு அறிவியல் பட்டப் படிப்பு போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் வழியில் பிளஸ் டூ படித்த எனக்குப் பெரிய உதவியாக இருந்தவை சில பாடங்களுக்குக் கிடைக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகள். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று பேராசிரியர் சொல்லச் சொல்ல, பள்ளியில் படித்த தகைவும் திரிபும் அவைதாம் என்று பிடிபட்டது. பாடங்கள், பிறர் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுச் சில பக்கங்களை அச்செடுத்து எங்கள் கூடத்தில் பயிற்சி பெறுபவர்களுக்கும் கொடுத்தேன். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாள்களை இப்போது வெர்னியர் அளவுகோல் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.