சோழியா, பட அட்டையா, மீன் ஏலமா?

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கப் போனால், பெட்டியில் '3 வயதுக்கு மேல்' என்றுதான் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை நம்பி வாங்கியது பரணில்தான் கிடக்கும். ஒன்பது வயதில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளை உண்டு. அதே வயதில் ராமேஸ்வரம் ரயில்களின் நேரத்தையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "சாப்பிட்டாயா?" என்றே திருப்பிச் சொல்லும் பிள்ளையும் உண்டு. பிள்ளைக்கு எவ்வளவு பேச்சு வருகிறது, தன் முறை வரும்வரை எவ்வளவு பொறுக்கும் என்ற இரண்டை மட்டும் வைத்து, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளில் கைக்கெட்டும் விளையாட்டுகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

பேச்சு இன்னும் வராத பிள்ளைக்குப் பெரும்பாலான வீடுகளில் முதலில் கிடைப்பது கைபேசிச் செயலி. தொட்டால் மாடு கத்துகிறது, மறுபடி தொட்டால் மறுபடி கத்துகிறது. பிள்ளை அமைதியாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதில் எதிராளி தேவைப்படுவதில்லை. கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தில் எதிராளி இல்லாமல் ஒன்றும் நடக்காது. மணலை ஒரு முழ நீளத்துக்கு வரப்பாகக் குவித்து, ஈர்க்குச்சித் துண்டு ஒன்றை உள்ளே விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் விட்டுவிட வேண்டும். இரு கைகளையும் கோத்து, பிள்ளை ஓரிடத்தை மூடும். இனிமேல்தான் காரியம் இருக்கிறது. உடனே மணலைக் கிளறிக் காட்டிவிடாதீர்கள். கையை அருகில் கொண்டுபோய் நிறுத்துங்கள். 'ஏன் நின்றுவிட்டாய்' என்பதுபோல் பிள்ளை உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தால், அல்லது உங்கள் கையை மணலுக்கு இழுத்தால், அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு அந்த நொடியே கிளறுங்கள். இருவரும் ஒரே பொருளைக் கவனித்து, அந்தக் கவனத்தைப் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பழக்கம் பேச்சுக்கு அடித்தளம். செயலி இதைத் தராது. மணல் கையில் ஒட்டினாலே கூசிப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசியோ கேழ்வரகோ நிரப்பிய தாம்பாளம் போதும்.

ஒற்றைச் சொற்கள் வரத் தொடங்கிய பிள்ளைக்குப் போட்டி பட அட்டைக்கும் பல்லாங்குழிக்கும். படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் முறையை 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி போண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கினார்கள். வேண்டியதைக் கேட்கப் பழக்க அது நல்ல வழி. பேச்சு வராத பிள்ளைக்கும் உதவும். 'படம் காட்டினால் பேச்சு வராமலே போய்விடும்' என்ற பாட்டிமாரின் பயத்துக்கு ஆதாரம் கிடையாது. கடற்கரைக் காற்றில் வெறும் காகித அட்டை நிற்காது என்பதால் லேமினேட் செய்துகொள்ளுங்கள்.

கேட்பதற்கு அட்டை, விட்டுக்கொடுத்து ஆடப் பல்லாங்குழி. ஆனால் பெரியவர்கள் ஆடும் விதியில் ஆடினால் கெட்டது. கையிலிருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி மேலும் போட்டுக்கொண்டே போகலாம் அல்லவா? அந்த ஆட்டம் முடிவதற்குள் எதிரே இருக்கும் பிள்ளை எழுந்து ஓடிவிடும். ஒரு குழியை அள்ளிப் போட்டதோடு முறை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுக்கும் விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கையில் ஆசையுள்ள பிள்ளை உங்கள் பக்கக் குழியில் நான்கு சேர்ந்ததைக்கூடப் பார்த்து "பசு!" என்று கத்தும். யாரும் கேட்காமல், இன்னொருவருக்குச் சொல்வதற்காக வந்த சொல் அது. வாயில் போடும் பழக்கமுள்ள பிள்ளையிடம் மட்டும் சோழி, புளியங்கொட்டை எதுவும் கூடாது.

சரளமாகப் பேசும், ஆனால் உரையாடல் வராத பிள்ளைக்குத் தாயத்தைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வாயைத் திறக்காமலே ஆடி முடித்துவிடலாம். 'பூப்பறிக்க வருகிறோம்' விளையாட்டில் பேச்சு உண்டு, கூடவே கூச்சலும் கைபிடித்து இழுப்பதும் உண்டு. இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு அது தண்டனை. நான் முதலிடம் கொடுப்பது மீன் ஏல விளையாட்டுக்கு. கரையோரப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தது. யார் என்ன சொல்வார் என்பது முன்கூட்டியே தெரியும். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் இங்கே தகுதியாகிவிடுகிறது: "நூறு, நூற்றைம்பது, இருநூறு" என்று இழுக்க அப்படிப்பட்ட பிள்ளையைவிட யார் பொருத்தம்? சூடை, பாறை, கணவாய் என்று அட்டையில் வரைந்து கூடையில் போட்டால் கடை தயார். ஆட்டம் பழகியதும் ஒரு சிறு குழப்பம் செய்யுங்கள்: "என்ன தம்பி, மீன் நாறுகிறதே!" மனப்பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. சில பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். அப்போது அண்ணனோ அக்காவோ பக்கத்தில் நின்று "இன்று பிடித்ததுதான்" என்று எடுத்துக்கொடுக்கலாம்.

பதின்மூன்று வயதுப் பையனுக்கு மூன்று வயதுப் பேச்சு இருந்தாலும் கிலுகிலுப்பை கொடுக்காதீர்கள். ஏலத்தில் தொகை கூவ முடியாவிட்டால் தராசு பிடிக்கட்டும், காசு வாங்கிப் போடட்டும். வயதுக்கேற்ற வேலை, பேச்சுக்கேற்ற பங்கு. ஆட ஆள் இல்லை என்பவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் கரையில்தான் இருக்கிறார்கள். ஏலத்தை அவர்களைவிட நன்றாக நடத்த யாராலும் முடியாது.