கொல்லையில் ஒரு குழிக்குத்தான் இடமா? வாழையா, பப்பாளியா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் மிச்சமிருந்தால் நம் ஊரில் கடைசியில் பேச்சு இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். மாங்கன்று வைத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கொய்யாவும் ஓரளவு பொறுமை கேட்கும். வாழையும் பப்பாளியும் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குள் கைக்கு ஏதாவது கொடுத்துவிடும், ஆறடிக்கு ஆறடி இடம் போதும், இரண்டுமே வைரம் பாய்ந்த மரம் கிடையாது, வேண்டாமென்றால் ஒரு அரிவாளில் வேலை முடிந்தது. அதனால் இரண்டும் ஒன்றுதானே, எதையாவது வைப்போம் என்று தோன்றும். ஆனால் குணம் நேரெதிர். என்னைக் கேட்டால், எந்தப் பழம் பிடிக்கும் என்று யோசிக்கும் முன்னால் உங்கள் கொல்லையில் தண்ணீர் எங்கே ஓடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

வாழைக்கு வேர் மேலோட்டமாகப் பரவும், இலை பெரிசு, வெயிலில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும். மண் காய்ந்தால் உடனே சுணங்கிவிடும், தார் சிறுத்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் சமையலறைத் தண்ணீர் போய் விழும் இடத்தில் வாழையை வைத்தார்கள், அரிசி களைந்தது, பாத்திரம் அலம்பியது எல்லாம் அதற்கே போகும். (வாஷிங் மெஷின் தண்ணீரை அப்படியே திருப்பிவிடாதீர்கள், சோப்புத்தூளின் உப்பு மண்ணில் தங்கிவிட்டால் இலையோரம் கருக ஆரம்பிக்கும்.)

பப்பாளியிடம் இந்த வேலையெல்லாம் நடக்காது. அதன் வேரைச் சுற்றி ஒன்றிரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போதும், கீழிலை மஞ்சளாகி உதிரும், அடித்தண்டு அழுகும், ஐப்பசி அடைமழையில் நேற்றுவரை காயும் பிஞ்சுமாக நின்றது ஒருநாள் காலையில் சாய்ந்து கிடக்கும். அதற்கு மேடு வேண்டும். தரைமட்டத்திலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி மண்ணைக் குவித்து நடுங்கள், தண்ணீரைத் தண்டில் ஊற்றாமல் தள்ளி வட்டமாக விடுங்கள். களிமண் நிலமாக இருந்து, மழைக்காலத்தில் கொல்லை குளமாகிற வீடாக இருந்தால் பப்பாளி ஆசையை விட்டுவிடலாம். வாழையும் வாரக்கணக்கில் தேங்கும் நீரை விரும்பாது, ஆனால் இரண்டு நாளில் உயிரை விடாது.

நடுகிற சமாச்சாரத்தில் வாழை சுலபம். யார் வீட்டிலாவது ஒரு கன்று கேட்டால் தருவார்கள். கேட்கும்போது ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையோடு, அடி பருத்து நிற்கும் ஈட்டிக் கன்றாகப் பார்த்துக் கேளுங்கள். சின்னதிலேயே அகலமான இலை விட்டிருக்கிற தண்ணீர்க் கன்றுக்குக் கிழங்கில் தெம்பு இருக்காது. என்ன ரகம் என்பதும் தாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கன்று அச்சு அசல் அதேதான்.

பப்பாளியில்தான் வம்பு. கடையில் வாங்கிய பழம் தேனாக இருந்தது என்று விதையைக் காயவைத்துப் போடுபவர்கள் நிறையப் பேர். முளைக்கும், விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் நன்றாகவே முளைக்கும். ஆனால் அந்தப் பழம் ரெட் லேடி போன்ற வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை அதே பழத்தைத் தரும் என்று சொல்ல முடியாது. இன்னொரு சங்கடம், பல ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. நட்டு நாலைந்து மாதம் கழித்துப் பூ வரும்வரை எது என்னவென்று தெரியாது. நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கினால் அது ஆண், காய்க்காது. தண்டை ஒட்டிப் பெரிய பூவாக வந்தால் பெண். தோப்பு வைப்பவர்கள் ஒரு குழிக்கு நாலைந்து செடி விட்டு, இருபது பெண்ணுக்கு ஒரு ஆண் என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். ஒரே ஒரு குழி வைத்திருக்கும் நமக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் இருபால் பூ வரும் ரகமாக வாங்குங்கள்: கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3, கோ 7, அல்லது ரெட் லேடி நாற்று. மாடித் தோட்டக்காரர்கள் பூசா நன்ஹா என்ற குட்டை ரகத்தைத் தேடிப் போவார்கள், தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலேயே காய்க்கும் என்பது உண்மைதான், ஆனால் அதுவும் ஆண் பெண் தனித்தனி ரகம். ஒரே ஒரு டிரம்மில் ஒரே ஒரு செடி வைத்துவிட்டுக் காத்திருப்பது சூதாட்டம்.

சாப்பாட்டில் வாழை பெருந்தீனிக்காரன். தோட்டக்கால் வாழைக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஒரு மரத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 110 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 35, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 330. அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். வீட்டில் அளந்தெல்லாம் போட வேண்டாம், தொழுவுரம் தாராளமாக, விறகடுப்புச் சாம்பல் கிடைத்தால் அவ்வப்போது, வெட்டின வாழை மட்டையை அங்கேயே போட்டு மூடாக்கு, அவ்வளவுதான். பப்பாளிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். அது தொடர்ந்து பூத்துக்கொண்டே இருப்பதால் ஒரேயடியாகக் கொட்டுவதில் பலனில்லை.

பழம் வருகிற விதத்திலும் இதே வித்தியாசம்தான். பப்பாளி நட்ட ஒன்பது பத்து மாதத்தில் கீழ்க்காயில் மஞ்சள் கீற்று விழும், அதைப் பறித்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழம். அப்புறம் மேலே மேலே ஒவ்வொன்றாக. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. வாழையோ ஒரு மரம் ஒரே ஒரு தார்தான். பூவனென்றால் ஒரு வருஷத்துக்கு இப்படி அப்படி, செவ்வாழையென்றால் ஒன்றரை வருஷம்கூட ஆகும். தார் பழுத்தால் எட்டுப் பத்துச் சீப்பும் ஒரே வாரத்தில் பழுக்கும், தெரு முழுக்கக் கொடுத்தும் மிச்சம் ஈ மொய்க்கும். இதற்கு ஒரே வழி, முற்றியதும் அடிச்சீப்புகளைக் காயாகவே அறுத்து வறுவலுக்கும் பஜ்ஜிக்கும் எடுத்துக்கொள்வதுதான்.

ஆனால் பழத்தை மட்டும் எண்ணினால் வாழைக்கு அநியாயம் செய்ததாகிவிடும். சீப்பெல்லாம் விரிந்து முடிந்ததும் ஒடிக்கிற பூ ஒருநாள் பருப்பு உசிலிக்கு ஆகும் (ஒவ்வொரு பூவுக்குள்ளும் இருக்கும் வேகாத நரம்பான கள்ளனை எடுக்க ஆள் வேண்டும், அது வேறு விஷயம்). தார் வெட்டினதும் தண்டு கிடைக்கும், கூட்டு, பச்சடி, மோரில் போட்ட சாலட் என்று இரண்டு மூன்று நாளைக்கு ஓடும். விருந்தாளி வந்தால் இலை. காய்ந்த மட்டை நாரில் பூத்தொடுக்கலாம். இலைக்கு மட்டும் ஒரு அளவு உண்டு, தார் தள்ளின மரத்தில் ஆசைப்பட்டு இலையை அறுத்துக்கொண்டே போனால் காய் ஊறாது. இலைக்கென்று பக்கக் கன்று ஒன்றைத் தனியாக விட்டுவைப்பவர்கள் விவரமானவர்கள்.

பப்பாளிக்காயும் சமையலுக்கு ஆகும், பாசிப்பருப்பு போட்ட கூட்டு அருமையாக இருக்கும். முற்றல் ஆட்டுக்கறிக்குச் சின்னத் துண்டு காயை அரைத்துத் தடவினால் அதிலுள்ள பப்பைன் கறியை மெத்தென்று ஆக்கிவிடும், அதிகம் ஊறவிட்டால் கறி கூழாகும். பேக்கரி பன்னில் வரும் டூட்டி ஃப்ரூட்டியும் பப்பாளிக்காய்தான். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் காயை ஒதுக்குவது சரிதான், சந்தேகம் காயைக் கீறினால் வடியும் பாலின் மேல்தான். நன்றாகப் பழுத்த பழத்தில் பால் வெகு குறைவு.

நோய் என்று வந்தால் பப்பாளிக்கு வளையப்புள்ளி வைரஸ்தான் எமன். இலை சுருங்கித் தேய்ந்து, காயில் வட்ட வட்டமாகப் புள்ளி விழுந்தால் மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிதான் பரப்பும், பக்கத்தில் பூசணி, சுரைக் கொடி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2008இல் கோவையில் முதலில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி ஒரு சமயம் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகுதான் அடங்கியது. அதனால் வெள்ளையாக அப்பியிருப்பதைப் பார்த்ததும் கடும் விஷம் அடிக்காதீர்கள், அந்தக் குளவியும் சேர்ந்து சாகும். வாழையில் ரஸ்தாளிக்கு வாடல் நோய் வரும், மண்ணில் தங்கிவிட்டால் அந்த இடத்தில் மறுபடி ரஸ்தாளி வைக்க முடியாது. காற்றுக்கு இரண்டும் விழும், வாழைக்காவது முட்டுக் கொடுக்கலாம்.

என் ஓட்டு? நாலு பேருக்குச் சமையல் நடக்கிற, தண்ணீர் வழிகிற வீடென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாழை. வகை பூவன் அல்லது கற்பூரவள்ளி. ஒரு தாய்க்கு ஒரு கன்று மட்டும் விட்டு மிச்சத்தை மாதாமாதம் அறுத்துவிட்டால் வாழைக் குத்து பெருத்துச் சுவரை நெருக்காது. மேட்டு நிலம், செம்மண், வீட்டில் இரண்டு பேர், வாடகை வீடு வேறு என்றால் பப்பாளி. மூன்று வருஷத்தில் அது எட்டாத உயரத்துக்குப் போய்க் காயும் சிறுக்கும், அதற்கு முன்னாலேயே அடுத்த நாற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். விதையை ஆனி, ஆடியில் பையில் போட்டுவிடலாம், தரையில் நடுவதை மட்டும் கனமழை நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.